எந்தப் புள்ளடிக்கு எந்த பல்ப் எரியும்?

தேர்தல் கடமை என்று வந்தால் வாழைச்சேனையில் என்னை விட்டால் ஆளில்லை என்பது என் நெடுநாள் எண்ணம். ஆசிரியத் தொழிலில் இருந்த காலமெல்லாம், தேர்தல் வரும்போது ஏதாவதொரு பாடசாலை மண்டபத்தில் வாக்குப் பெட்டியோடு குந்தியிருந்தவன் நான். விடிய முன்னரே பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே பல்லிகூட இல்லை என்று கட்சி முகவர்களுக்குக் காட்டி, முத்திரை வைத்து, மாலையில் பிள்ளையைப் பெண் வீட்டில் விடுகிற தகப்பன் மாதிரி அந்தப் பெட்டியை எண்ணும் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வருவேன். பதவியின் பெயர் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர். ஒருதரம் சொல்லி முடிக்கவே ஒரு பிளேன்டீ வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் விழுகிற சீட்டால் தெரிவாகிறவர் மறுநாள் காலையில் எழும்பி என்ன வேலைக்குப் போகிறார் என்று மட்டும் என்னை யாரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. கல்யாணத் தரகருக்குத் தாலி ஏறும்வரைதானே பொறுப்பு.

கேட்டவள் என் தங்கையின் மகள். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் இருக்கிறாள். ஊர்ப் பெயரின் ராசியோ என்னவோ, வாட்ஸப்பில் வந்தாலே கேள்விதான். அமெரிக்கக் குடியுரிமை எடுத்து 2024 நவம்பரில் முதன்முதலாக வாக்குப் போட்டாள். போட்டுவிட்டு எனக்கு எடுத்தாள். குரலில் களைப்பு.

“மாமா, ஜனாதிபதிக்குப் போட்டன், செனட்டருக்குப் போட்டன், அது சரி. அதுக்குப் பிறகு ஷெரிப்பாம், கான்ஸ்டபிளாம், வரி எடுக்கிறவராம், நீதிபதிமாராம், வந்துகொண்டே இருக்கு. விடிய நிண்டு நாத்து நட்ட மாதிரி இடுப்பு நோகுது.”

“கான்ஸ்டபிளுக்கா?” என்றேன்.

“ஓம் மாமா. கவுண்டிக்கு எண்டு ஒரு பட்டாளத்தையே நாங்கதான் தெரிவு செய்யோணும்.”

நான் கண்ட கான்ஸ்டபிள்மார் வாக்குச்சாவடி வாசலில் நின்று மற்றவர்களை வரிசைப்படுத்தியவர்கள். அவர்களே வரிசையில் நின்று நம்மிடம் வாக்குக் கேட்பதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். சுகமாக இருந்தது.

பிறகு அவள் சொன்னவற்றைத் தேடி வாசித்தேன். டெக்சாஸில் கவுண்டிக்குத் தலைவராக இருப்பவருக்குக் கவுண்டி ஜட்ஜ் என்று பெயர். ஹூஸ்டன் போன்ற பெரிய இடங்களில் அவர் வழக்கு விசாரிப்பதில்லை. வரவு செலவு, வெள்ளம், புயல் இவைதான் அவர் பாடு. இன்னொரு தெரிவுப் பதவி ரெயில்வே ஆணையாளர். 1891இல் ரெயில்களை மேய்க்க உண்டான ஆணைக்குழு அது. இன்று எண்ணெய்க் கிணறும் எரிவாயுக் குழாயும்தான் அதன் வேலை. ரெயில் சம்பந்தமாக ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பொறுப்பும் 2005இல் கைமாறிவிட்டது. பெயரை மாத்திரம் கழற்றவில்லை. முன்பெல்லாம் ஒரே அடையாளத்தில் ஒரு கட்சியின் ஆட்கள் அத்தனை பேருக்கும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமாம். 2020இலிருந்து அதுவும் இல்லை. ஒவ்வொருவராகத் தேடிக் குத்த வேண்டும். வேறு சில மாநிலங்களில் சாவு விசாரணை செய்பவரையும் மக்களே தெரிவு செய்கிறார்கள் என்று வாசித்ததும் என் மனிசியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அவர் எப்பிடிப் பிரசாரம் செய்யிறாராம்? உங்கட சாவுக்கு நான் பொறுப்பு எண்டா?” என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த முறை அவள் எடுத்தபோது, நானும் மருமகளும் அமெரிக்காவை நினைத்து நன்றாகச் சிரித்தோம். சிரித்து முடித்தவள், “சரி மாமா, உங்கட ஊர்ல ஆர் ஆரை நீங்க தெரிவு செய்யிறீங்க? அவங்க என்ன செய்யிறவங்க?” என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே இருந்தேன். “சிக்னல் சரியில்ல புள்ள” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். சிக்னல் நாலு கோடும் நின்றது.

*

ஜனவரி மழையில் எங்கள் வாசலுக்கு நேரே இருந்த வீதி விளக்கு அணைந்தது. பல்ப் என்றால் ஒருநாள் போகத்தான் செய்யும். யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மருமகளின் கேள்வி மனதில் முள்ளாகக் கிடந்த நேரம் அது. இந்த பல்பைப் பிடித்துக்கொண்டு போனால் ஆட்சிமுறை முழுவதும் அகப்பட்டுவிடும் என்று ஒரு ஆசிரிய மூளை எனக்குள் சொன்னது. ஒரு கொப்பி எடுத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ‘பல்ப்’ என்று எழுதினேன்.

முதலில் போன அலுவலகத்தில் மிக மரியாதையாகக் கதிரை தந்தார்கள். நான் படிப்பித்த பிள்ளை ஒன்றும் அங்கே இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சேர், இது பிரதேச செயலகம். நீங்க போகவேண்டியது பிரதேச சபை” என்றது, ஒரு காலத்தில் நான் அதற்குச் சொன்ன அதே பொறுமையோடு.

இந்த நாட்டில் சாதாரண மனிதனைக் கிறுக்காக்குவதற்கென்றே யாரோ இருந்து யோசித்து இந்த இரண்டு பெயர்களையும் வைத்திருக்க வேண்டும். பிரதேச செயலகம் கொழும்பு அரசாங்கத்தின் கை. அங்கிருக்கும் பிரதேச செயலாளர் நியமனமாகி வருகிறவர். நாம் வாக்குப் போட்டு வைத்தவருமல்ல, வாக்குப் போட்டு எடுக்கக் கூடியவருமல்ல. பிரதேச சபை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. உறுப்பினர்கள் நம் புள்ளடியில் வருகிறவர்கள். அந்தச் சபைக்கும் ஒரு செயலாளர் உண்டு. அவர் பிரதேச சபைச் செயலாளர். பிரதேச செயலாளர் அல்ல. அவர் தெரிவானவரும் அல்ல, தெரிவானவர் தவிசாளர். இதை ஒரே மூச்சில் பிழையில்லாமல் சொல்கிறவருக்கு நான் புள்ளி தருவேன். எங்கள் ஊர்ச் சனம் இந்த வம்புக்கே போகாது. ஒன்றை ‘டி.எஸ். ஒபிஸ்’ என்னும், மற்றதைச் ‘சபை’ என்னும், இரண்டிலும் காரியம் ஆகாவிட்டால் ‘கச்சேரி’ என்னும். கிராம சேவகர் என்று 1963இல் பெயர் மாறியவரை இன்றும் ‘விதானை’ என்றுதான் கூப்பிடுகிறோம். அரசாங்கம் பெயரை மாற்றட்டும், வாயை மாற்ற முடியாது.

எங்கள் பகுதியில் இதற்கு மேலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கோறளைப்பற்று என்பது பழைய பற்று. அதை வெட்டி வெட்டி இப்போது ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் ஆக்கியிருக்கிறார்கள்: வாழைச்சேனையில் இருக்கும் கோறளைப்பற்று, ஓட்டமாவடியில் மேற்கு, வாகரையில் வடக்கு, கிரானில் தெற்கு, நடுவே மத்தி. திசைகாட்டி இல்லாமல் வீடு திரும்ப ஏலாது. செயலகம் ஐந்து, சபையோ மூன்று. கோறளைப்பற்று, மேற்கு, வடக்கு, அவ்வளவுதான். தெற்குக்கும் மத்திக்கும் தனிச் சபை கிடையாது. கிரானில் இருப்பவர் காணி அலுவலுக்குக் கிரானுக்குப் போவார், சபை அலுவலுக்கு வாழைச்சேனைக்கு வருவார். ஐந்து மருமக்கள் உள்ள வீட்டில் மூன்று அடுப்பு என்று வையுங்கள். எந்தச் சோறு எந்த அடுப்பில் வேகிறது என்று மாமியாருக்கே தெரியாது.

கொப்பியின் இரண்டாம் பக்கம் நிரம்பியது. பல்ப் எரியவில்லை.

அடுத்த நாள் வீதிச் சந்தியில் தேநீர்க் கடையில் விசாரணையைத் தொடர்ந்தேன். அங்கே கிடைத்த ஞானம் இது: விளக்குத் தூண் மின்சார சபையினுடையது. அதில் தொங்குகிற பல்ப் பிரதேச சபையினுடையது. கீழே ஓடுகிற வீதி, திருகோணமலை வீதி மாதிரிப் பெரிய வீதியாக இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, நடுத்தரமானால் மாகாணம், ஒழுங்கையானால் பிரதேச சபை. வெளிச்சத்துக்கு வந்து மொய்க்கிற ஈசல் ஒன்றுதான் எந்தத் திணைக்களத்துக்கும் உட்படாதது. சந்தை, மயானம், வடிகான், குப்பை, நூலகம், விளையாட்டு மைதானம், கட்டட அனுமதி, சோலை வரி எல்லாம் சபைதான் என்று கடைக்காரர் விரல்விட்டு எண்ணினார். பிறந்த பிள்ளை விளையாடுகிற மைதானம் முதல் கிழவனைப் புதைக்கிற மயானம் வரைக்கும் நம்மைத் தூக்கிச் சுமக்கிற ஒரு சபையைப் பற்றி, அறுபது வயதுக்குப் பிறகு வடைக் கடையில் வைத்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

“அப்ப மாகாண சபை?” என்று கேட்டேன்.

கடையில் சிரிப்பு எழுந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தில் பிறந்து, கிழக்குக்குத் தனியாக 2008இல் தேர்தல் கண்டது எங்கள் மாகாண சபை. 37 உறுப்பினர்கள். முதலாவது முதலமைச்சராக வந்தவர் எங்கள் பேத்தாழைப் பொடியன் பிள்ளையான். அந்த மே மாதம் ஊரில் வெடித்த வெடியில் தெரு நாய்கள் ஒரு கிழமை வீட்டுக்குள் படுத்தன. 2017 செப்டம்பர் 30ஆம் திகதி சபையின் காலம் முடிந்தது. எல்லை பிரிக்கிற பிரச்சினையில் அடுத்த தேர்தல் சிக்கிக்கொள்ள, ஆளுநரே ஆள்கிறார். அன்று பிறந்த பிள்ளை இப்போது வாய்ப்பாடு சொல்கிறது.

மருமகளின் கவுண்டிக்கு நிகராக நம்மிடம் இருப்பது மாவட்டம்தான். அந்த மாவட்டத்தின் நிர்வாகத்துக்கு யாரையும் தெரிவு செய்யும் வேலை நமக்கு இல்லை. மட்டக்களப்புக் கச்சேரியில் இருக்கும் அரசாங்க அதிபர் நியமனத்தில் வருகிறவர். மாவட்டத்துக்கென்று ஒரே ஒரு முறை, 1981 ஜூன் 4ஆம் திகதி, மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தல் நாட்களில்தான் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குக் கை வராது.

*

தேநீர்க் கடை சொன்னபடி, எங்கள் பகுதி உறுப்பினர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவரைத் தேடிப் போனேன். மனுசன் வீட்டுப் படலையில் சாய்ந்து நின்றார்.

“மாஸ்டர், நான் இப்ப உறுப்பினர் இல்ல. 2023 மார்ச்சோட சபை முடிஞ்சு போச்சு. சரி வேட்பாளர் எண்டு சொல்லலாமெண்டா, அந்த வேட்புமனுவையும் ரத்துச் செய்யப் போறாங்களாம்.”

இறந்தகாலத்தில் முடிந்து, நிகழ்காலத்தில் இல்லாமல், எதிர்காலமும் ரத்தாகப் போகிற ஒரு வினைச்சொல்லை நான் படித்த இலக்கண வகுப்பில் கண்டதில்லை.

கதை இதுதான். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான சபைகளுக்கு நாலு வருடம் ஆயுள். ஒரு வருடம் நீட்டினார்கள். 2023 மார்ச் 9ஆம் திகதி தேர்தல் என்றார்கள். வேட்புமனு போட்டாயிற்று, துண்டுப்பிரசுரம் அடித்தாயிற்று, புதுச் சேர்ட் தைத்தாயிற்று. அப்போதுதான் திறைசேரியில் காசில்லை என்று சொல்லப்பட்டது. காசு வராமல் வாக்குச்சீட்டு அச்சடிக்க ஏலாது என்றது அரச அச்சகம். ஏப்ரல் 25 என்று இன்னொரு நாள் குறித்தார்கள், அதுவும் வழுக்கியது.

வாழைச்சேனைக்காரனுக்கு இந்தச் செய்தி மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகச் சுட்டது. நாடே அறிந்த காகித ஆலை எங்கள் ஊரில். 1950களில் வந்தது. வயல் வைக்கோலைக் காகிதமாக்கிய ஆலை; அதன் சங்கு ஊதுகிற நேரத்துக்குத்தான் என் அம்மா உலை வைப்பா. இயங்கியும் நின்றும், திரும்ப இயங்கியும், அதன் கதை ஒரு தனிப் புராணம். ‘வாக்குச்சீட்டுக்கு வழியில்லை’ என்ற செய்தியை நான் வாசித்தது, அந்த ஆலையின் மதிலுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றபோது. வைக்கோல் எங்களிடம் இருக்கிறது, ஆலை இருக்கிறது, புள்ளடி போடக் கை இருக்கிறது. ஏற்றிவிட ஒரு உழவு இயந்திரம் கேட்டிருந்தால் நானே பிடித்துக் கொடுத்திருப்பேன்.

2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு 2025இல் சட்டம் கொண்டுவந்து பழைய வேட்புமனுக்களை ரத்துச் செய்து, மார்ச்சில் புதிதாக ஏற்றார்கள். இரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் கட்சி மாறியிருந்தார்கள். பழைய சின்னம் போட்ட துண்டுப்பிரசுரங்கள் வடைக் கடைக்கு வந்து சேர்ந்தன. ஒருநாள் என் வடையைச் சுற்றியிருந்த தாளில் சிரித்தவர், மாலையில் வேறு சின்னத்தோடு என் வாசலில் வந்து சிரித்தார். எண்ணெய் படாத சிரிப்பு என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

வந்த சின்னங்களைச் சொல்கிறேன்: வீடு, படகு, மரம், மயில், சங்கு, சைக்கிள், தொலைபேசி, திசைகாட்டி. என் பேரன் பாலர் பாடசாலைப் படப்புத்தகம் என்று நினைத்து வாசித்துக் காட்டினான். வந்த ஒவ்வொருவரிடமும் பல்பைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் தமிழ்த் தேசியம் சொன்னார். ஒருவர் ஊழலை ஒழிப்பதாகச் சொன்னார். ஒருவர் பாசிக்குடாவை உலகத் தரத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். சின்னப் பொடியன் ஒருவன் மாத்திரம் அண்ணாந்து தூணைப் பார்த்து, “எத்தனை வோட்ஸ் சேர்?” என்று கேட்டான். எந்த வோட்ஸ் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் இரண்டு வோட் என்றேன். அவன் கேட்டது பல்பின் வோட்ஸ்.

*

அந்த வருடம் மே 3ஆம் திகதி சனிக்கிழமை மருமகளின் ஊரில் பாடசாலைச் சபைத் தேர்தல். டெக்சாஸில் மே மாத முதல் சனி உள்ளூர்த் தேர்தல்களுக்கென்றே வைத்த நாளாம். எங்களுக்கு மே 6ஆம் திகதி செவ்வாய், 339 சபைகளுக்கு. மூன்று நாள் இடைவெளியில் மாமாவும் மருமகளும் ஆளுக்கொரு கண்டத்தில் உள்ளூராட்சி நடத்தினோம்.

அவளுக்குப் பிரச்சினை, சீட்டில் பெயர் இருக்கிறது, கட்சி இல்லை. எனக்கு எதிர்மாறு. ஒரு வாக்கு, ஒரு புள்ளடி, ஒரு சின்னம். விருப்பு வாக்கு கிடையாது. அந்தப் புள்ளடியில் வட்டாரத்து வேட்பாளரும் வெல்வார். அதே புள்ளடி கட்சியின் மொத்தக் கணக்கிலும் சேரும். நூற்றுக்கு 60 வட்டாரம், 40 பட்டியல் என்பது கணக்கு. ஆகவே வட்டாரத்தில் தோற்றவர் பட்டியல் வழியாக வந்து, வென்றவருக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து கையும் குலுக்கலாம். நாடு முழுவதும் முன்பு நாலாயிரத்துச் சொச்சமாக இருந்த உறுப்பினர் தொகை 2018இல் இந்த முறையால் எட்டாயிரத்தைத் தாண்டியது. நான் கணித ஆசிரியர். இந்தக் கணக்கை மருமகளுக்கு விளங்கப்படுத்த முயன்று, கரும்பலகை இல்லாத காரணத்தைச் சொல்லித் தப்பினேன். பாதிக்கு மேல் ஆசனம் யாருக்கும் இல்லாவிட்டால் தவிசாளரை உறுப்பினர்கள் கூடித் தெரிவு செய்ய வேண்டும். வாக்குச் சமமாக வந்தால் சீட்டுக் குலுக்க வேண்டும் என்றதும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“இவ்வளவு கணக்கும் பார்த்துக் கடைசில சீட்டா மாமா?”

“சீட்டுக்காகத்தானே புள்ள எல்லாரும் கேக்கிறாங்க” என்றேன். ஹூஸ்டனில் அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

ஜூன் 2ஆம் திகதி புதிய சபைகளின் காலம் தொடங்கியது. நான் தோய்த்து மடித்த சேர்ட்டும் கொப்பியுமாக, இந்தமுறை சரியான கட்டடத்துக்கே, சரியான ஆளைத் தேடிப் போனேன். புதிய உறுப்பினர் அதே சின்னப் பொடியன்தான். பட்டியல் வழியாக வந்திருந்தான். என்னோடு மோட்டார் சைக்கிளில் வந்து தூணைப் பார்த்தான். தூணின் இலக்கத்தைப் பார்த்தான். வீதியின் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

“சேர், தூண் நிக்கிறது வீதிக்கு அந்தப் பக்கம்.”

“ஓம். அதுக்கென்ன?”

“எல்லை வீதிதான் சேர். இந்தப் பக்கம் எங்கட சபை. அந்தப் பக்கம் அடுத்த சபை. பல்ப் அவங்கட.”

நாற்பது வருடமாக நான் அந்த வெளிச்சத்தில் கொப்பி திருத்தியிருக்கிறேன். எல்லை அந்த வெளிச்சத்தின் நடுவால் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. தூண் மீராவோடைப் பக்கம், தூணிலிருந்து விழுகிற வெளிச்சத்தில் முக்கால்வாசி என் வாசலில். என் புள்ளடி தூணை எட்டாது; தூணை எட்டுகிற புள்ளடி எதிர்வீட்டு நானாவுடையது. கடை வைத்திருக்கிறவர். மழைக்காலத்தில் எங்கள் வீட்டு முருங்கைக்காயும் அவர் வீட்டுக் கஞ்சியும் இந்த எல்லையைக் கேட்காமலே கடந்து போய் வருகிற வழக்கம்.

பின்னேரம் அவரிடம் போய் மெல்லச் சொன்னேன்.

“இதுக்கா மாஸ்டர் ஆறு மாசமாக் கொப்பியோட திரிஞ்சீங்க? எனக்கு ஒரு சொல்லு சொல்றதானே” என்றார். “எனக்கு வெளிச்சம் கடைக்குள்ள இருக்கு. அதால வெளிய அணைஞ்சதக் கவனிக்கல்ல.”

நாலாம் நாள் ஏணியோடு ஆட்கள் வந்தார்கள். அன்று இரவு மருமகள் வீடியோவில் வந்தபோது, தொலைபேசியைத் தூணுக்குத் திருப்பிக் காட்டினேன். புது வெள்ளை பல்ப். ஈசல் வந்துவிட்டது.

“மாமா! உங்கட வோட்டால வந்ததா?”

பதில் சொல்வதற்குள் நானா சாரத்தை மடித்துக் கட்டியபடி வீதியைக் கடந்து என் வாசலுக்கு வந்து, விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

“லைட்டு எங்கட, வெளிச்சம் உங்கட. அடுத்த முறை வோட்ட எங்கட பக்கம் போடுங்களன் மாஸ்டர்.”

“போட ஏலாதே நானா. எல்லை இருக்கே.”

“அப்ப பிளேன்டீயாவது போடுங்க” என்று சொல்லிவிட்டு, என் சபைக்கு உட்பட்ட திண்ணையில் ஏறிக் குந்தினார்.